எட்டு தெரியும், பிரேக் தெரியுமா?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தேர்வு மைதானத்தில் காலை வேளையில் நின்றால் கண்ணில் படுவது ஒரே காட்சிதான். தரையில் எட்டு. முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பும் இளைஞர்கள். ஓரத்திலிருந்து "காலை ஊன்றாதே, காலை ஊன்றாதே" என்று குரல் கொடுக்கும் பயிற்சிப் பள்ளிக்காரர். எட்டு முடிந்து கைச் சைகையும் காட்டிவிட்டால் பெரும்பாலும் தேர்வு முடிந்தது. அடுத்த வாரமே அந்த இளைஞர் லாரிகளுக்கு நடுவே புறவழிச் சாலையில் போகலாம்.

எட்டு வீண் வேலை இல்லை. குறைந்த வேகத்தில் வண்டியைச் சாயவிடாமல் வைத்திருக்கவும், முன் சக்கரத்தைப் பார்க்காமல் திரும்பப் போகும் இடத்தைப் பார்க்கவும் அது பழக்குகிறது. கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். கோட்டைக் குனிந்து பார்ப்பவர்தான் பெரும்பாலும் காலை ஊன்றுகிறார். பின் பிரேக்கில் கால் லேசாகப் பட்டிருக்க, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிக் குறைக்காமல், வேகத்தைக் கிளட்சிலேயே அடக்கினால் சில நாளில் எட்டு வசப்பட்டுவிடும்.

ஆனால் உயிர் போவது எட்டில் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். குறுக்கே வந்த ஆடு, திடீரென்று நின்ற பேருந்து, சிக்னல் காட்டாமல் திரும்பிய கார் என்று ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு கதை இருக்கும். அந்த நொடியில் ஓட்டுபவருக்குத் தேவைப்படுவது, வண்டியைக் கவிழ்க்காமல் சட்டென்று நிறுத்தும் திறமை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. அதன்பின் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்கு வருவதால், பின் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைந்துவிடுகிறது. நம் ஊரிலோ "முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். மணலிலும் வளைவிலும் வெடுக்கென்று பிடித்தால் அந்த ஆபத்து உண்டுதான். நேரான சாலையில், ஹேண்டில்பாரை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தினால் வண்டி அடங்கி நிற்கும். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமான பிறகும், பிரேக்கை முழுசாக அழுத்தக் கை பழகாதவருக்கு அதனால் பயன் குறைவே.

வேதனை என்னவென்றால், இதைச் சட்டம் எப்போதோ யோசித்துவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 15-வது விதி, விண்ணப்பதாரர் செய்துகாட்ட வேண்டியவற்றில் அவசரத்தில் வண்டியை நிறுத்துவதையும் சேர்த்திருக்கிறது. விதிப் புத்தகத்தில் இருப்பது மைதானத்துக்கு வந்து சேரவில்லை. பிரிட்டனிலும் எட்டு போடச் சொல்கிறார்கள், அதோடு விடுவதில்லை. மோட்டார் சைக்கிளை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்து அவசரமாக நிறுத்த வேண்டும், அதே வேகத்தில் தடையை விலக்கி ஒதுங்கிக் காட்டவும் வேண்டும். அதில் தேறிய பிறகுதான் பொதுச் சாலையில் தனித் தேர்வு. இங்கே அவ்வளவு வேகத்துக்கு இடமில்லாத மைதானங்களில் 30 கிலோமீட்டர் வேகத்திலாவது வரச் சொல்லி, கொடி காட்டியதும் நிறுத்தச் சொல்லலாம். ஒருவருக்குச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். போக்குவரத்துத் துறை இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அதுவரை பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) எடுத்தவர்கள் காத்திருக்க வேண்டாம். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்தே தேர்வுக்குப் போக முடியும். அந்த ஒரு மாதம் முழுவதையும் எட்டுக்கே செலவழிப்பது பெரிய இழப்பு. அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஆளில்லாத நேரான இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, மெல்லக் கூட்டி, தினமும் பிரேக் பிடித்துப் பழகலாம். கண்ணாடி பார்ப்பதும், திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதும் அப்போதே பழக்கமாகிவிட வேண்டும்.

ஹெல்மெட்டில் பேரம் கூடாது. 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். புது வண்டி விற்கும்போது தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டையும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பிள்ளைக்கு வண்டி எடுக்கும் பெற்றோர் அதைக் கேட்டு வாங்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இன்னொன்றையும் பின்னால் உட்காருபவருக்காக அன்றைக்கே வாங்கட்டும். தாடைக்குக் கீழே வாரை மாட்டி, தலையைக் குனிந்து, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார்த்தால் கழன்று வரக் கூடாது. கழன்றால் அளவு சரியில்லை, வேறு எடுக்க வேண்டும்.