டாம் பலகை பரணிலிருந்து இறங்கியது



பெரட்டுக் களத்து மரத்தடியில் டாம் ஆடிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 12க்கு 12 கட்டம். ஆளுக்கு 30 காய். சோடா மூடிதான் காய். என் அண்ணன் அதில் புலி. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் பலகை பரணில் ஏறிவிட்டது. தொலைபேசியில் "சாப்பிட்டியா?", "பணம் வந்துச்சா?" என்ற இரண்டு கேள்விக்குமேல் தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சே இல்லை.

இப்போது இருவரும் நாள்தோறும் ஆடுகிறார்கள். எப்படி என்கிறீர்களா? போர்ட் கேம் அரீனா என்றொரு இணையத்தளம், 2010இல் பிரான்சு நாட்டில் தொடங்கியது. கைப்பேசியிலேயே திறக்கலாம். பெயர் பதியக் காசு வேண்டாம். சில ஆட்டங்களுக்கு மட்டும் மேசை போடுகிறவர் சந்தா கட்டியிருக்க வேண்டும். தப்பாகக் காயை நகர்த்தினால் அது ஏற்காது. ஆகவே சண்டையும் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. இருவரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் ஒரு காயை நகர்த்திவிட்டுக் குலை வெட்டப் போகலாம். மற்றவர் மறுநாள் பதில் காய் நகர்த்தலாம். மேட்டில் ஏறினால்தான் லைன் கிடைக்கும் தோட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பலகை சிறிது என்று அண்ணன் முதலில் முனகினார். தோற்றாலும் கைப்பேசிமேல்தான் பழி!

டேபிள்டாப் சிமுலேட்டர் என்று 2015இல் வெளிவந்த இன்னொன்றும் உண்டு. அதற்குக் கணினி வேண்டும். ஆடுகிற ஒவ்வொருவரும் விலை கொடுத்து வாங்க வேண்டும். மேசை, காய், பகடை எல்லாம் தரும்; விதிகளை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் மேசையைக் கவிழ்க்கவும் அதில் வழியுண்டு. அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஆட்டம் என்ற பெயரில் காசு வைத்து ஆடச் சொல்பவை ஏராளம். வங்கி எண் கேட்டால் மூடிவிடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் நீங்களே ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

போன வாரம் மகன் காய் நகர்த்திய நேரத்தை அண்ணி பார்த்துவிட்டார். விடியற்காலை மூன்று மணி. இரவு வேலைக்கு மாற்றியதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. அண்ணி உடனே அழைத்தார். அன்று அரை மணி நேரம் பேசினார்கள். அண்ணனும் இடையில் தொலைபேசியை வாங்கி, "உன் மூணாவது காயைப் பார்த்துக்கோ" என்றாராம்.