160 ரூபாய் குறைந்ததற்கு 590 ரூபாயா?

கணக்கில் இருந்தது 2,640 ரூபாய். பைக் கடன் தவணை 2,800. குறைந்தது 160. அந்த 160 இல்லாத குற்றத்துக்கு என் வங்கி பிடித்தது 295. சில நாள் கழித்து பைனான்ஸ்காரர்கள் அதே தவணையை மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். மறுபடியும் 295. போன தடவை பிடித்ததாலேயே இன்னும் குறைந்துபோன கணக்கில், குறைகிறது என்று சொல்லி இன்னொரு பிடித்தம்! பவுன்ஸ் சார்ஜ் என்று பைனான்ஸ் கம்பெனி தீட்டியது தனிக்கணக்கு.

295 எப்படி வந்தது தெரியுமா? அபராதம் 250, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 45. தவணையைக் கட்டாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்குச் செய்த சேவை என்ன? எந்தச் சேவைக்கு நான் வரி கட்டினேன்?

கவுண்டரில் கேட்டேன். "சிஸ்டம் பிடிக்குதுங்க ஐயா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. வடக்கே எங்கிருந்தோ வந்து, பாதித் தமிழில் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் இந்த சிஸ்டத்துக்கு ஊர் உண்டா, முகம் உண்டா? அதை எந்த வாசலில் நின்று கேட்பது?

160 ஏன் குறைந்தது என்று சிஸ்டம் கேட்காது, நான் சொல்கிறேன். 2025 அக்டோபரில் என் நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடந்தது. குறுவை நன்றாகத்தான் விளைந்திருந்தது. எடுத்த மூட்டைகள் குடோனுக்கு நகரவில்லை, நகராததால் புதிதாக எடைபோடவில்லை, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சூடு. கையை விட்டு அள்ளினால் வெள்ளை வெள்ளையாக முளை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். 22 வரை எடுங்கள் என்று மாநில அரசு டெல்லிக்கு எழுதியது, மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. இவ்வளவும் முடிந்து என் நெல்லுக்குப் பணம் ஏறுவதற்குள் தவணைத் தேதி வந்துவிட்டது. நெல்லை வாங்குவது அரசு. அந்தப் பணம் தாமதமானால் எனக்கு வட்டி உண்டா? ஒரு பைசா கிடையாது. நான் 160 ரூபாய் தாமதித்தால் மட்டும் 590!

தஞ்சாவூர்ச் சீமையில் கிளை திறந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமலா இருக்கும்? இங்கே பணம் ஒன்றாம் தேதி வருவதில்லை. குறுவை அறுத்தால் ஒரு தடவை, தை மாசியில் சம்பாவோ தாளடியோ அறுத்தால் ஒரு தடவை. அதுவும் மேட்டூர் அணை திறந்தால்தான். ஜூன் 12 என்பார்கள். 2024ல் ஜூலை 28தான் திறந்தது. நடுவில் உள்ள மாதங்களில் உழவுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் எடுத்து எடுத்துக் கணக்கு வழித்த சட்டிபோல ஆகிவிடும். இதே கிளையில்தான் பயிர்க்கடன் கொடுக்கிறார்கள், இதே கவுண்டரில்தான் நடவு நேரத்தில் எங்கள் பெண்கள் நகையை அடகு வைக்க வரிசையில் நிற்கிறார்கள். எங்களிடம் எப்போது காசு இருக்காது என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மாதாமாதம் குறைந்தபட்ச இருப்பு எங்கே என்று கேட்கிறார்கள்.

என் அக்கா கதை இன்னும் கொடுமை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை முதல் தடவை வந்தது, 1,000 ரூபாய். கடைமடையில் தண்ணீர் எட்டாமல் குறுவை காய்ந்துகொண்டிருந்த நேரம்; அடுத்த மாதம் மேட்டூரையே மூடிவிட்டார்கள். ஆயிரம் ரூபாய் என்றால் அக்காவுக்கு அப்போது மளிகைக் கடன் அடைக்கிற காசு. ஏடிஎம்மில் போய் நின்றாள். வந்த பணத்தில் பாதிக்கு மேல் காணோம்! முன்பு குறைந்தபட்ச இருப்பு வைக்காத மாதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பாக்கி எழுதிவைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். காசு விழுந்ததும் முதல் கை அவர்கள் கை. அக்காவுக்கு மட்டுமா நடந்தது? தமிழ்நாடு முழுக்கப் புகார் எழுந்து, உரிமைத் தொகையிலிருந்து பிடிக்கக் கூடாது, பிடித்தால் 1100 என்ற எண்ணில் சொல்லுங்கள் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கையே விட வேண்டியிருந்தது. அரசாங்கம் அக்காவுக்குக் கொடுத்த காசை அக்கா தொடுவதற்கு முன்னால் எடுக்க இவர்கள் யார்?

விதி இல்லாமல் இல்லை. 2014 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி எழுத்தில் சொல்லிவிட்டது: இருப்பு குறைந்தால் முதலில் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் அபராதம், அந்த அபராதத்தாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. அக்காவுக்கு வந்த தகவல் ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ், அதுவும் மகனுடைய பழைய நம்பருக்கு. அந்த எஸ்எம்எஸ்ஸுக்கும் கட்டணம் பிடித்திருந்தார்கள், 17.70! இருப்பே வைக்கத் தேவையில்லாத அடிப்படைக் கணக்கு 2012லிருந்து இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். அதை யாராவது அவளிடம் வாயைத் திறந்து சொன்னார்களா?

2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இப்படிக் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்த தொகை 8,495 கோடி ரூபாய். நான் சொல்லவில்லை, 2024 ஜூலையில் மக்களவையில் நிதித்துறையே சொன்னது. ஸ்டேட் பாங்க் 2020லேயே இதை விட்டுவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025ல் விட்டன. விட்ட பிறகு எந்த வங்கியாவது மூழ்கிப் போயிற்றா? அப்படியானால் அதுவரை பிடித்தது எதற்கு? அதே 2025 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கி, நகரங்களில் புதுக் கணக்குக்கு 50,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்றது. ஊரே காறித் துப்பிய பிறகு 15,000க்கு இறங்கியது. சத்தம் போட்டால் இறங்குவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். 2016 மார்ச்சில் தொழிலதிபர் விஜய் மல்லையா வங்கிகளுக்கு ஆயிரக்கணக்கான கோடி பாக்கியோடு விமானம் ஏறி லண்டன் போனார். அதே மாதம் ஒரத்தநாடு பக்கம், டிராக்டர் தவணை பாக்கி என்று ஒரு விவசாயியைப் போலீஸ்காரர்கள் அடித்து இழுத்துப் போனதை நாடே வீடியோவில் பார்த்தது.

வங்கியில் மனு கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுங்கள் என்றதும் மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். 30 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போவேன். அதற்கு வக்கீல் வேண்டாம், காசு வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அக்காவின் பாஸ்புக்கையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

590 ரூபாய்க்கா இவ்வளவு ஆட்டம் என்று டீக்கடையில் கேட்கிறார்கள். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 590 இருந்தால் இரண்டு மூட்டை வாங்கி, மிச்சத்தில் கேட்டவர்களுக்கே டீயும் வாங்கிக் கொடுக்கலாம். தாளடிக்கு மேலுரம் போடுகிற நேரம் இது. என் காசு எனக்கு இப்போது வேண்டும்.