கடைசிப் பந்தி

டிசம்பர் கச்சேரிக் காலமும் ஜனவரிப் புத்தகக் காட்சியும் நெருங்கும்போது நம் ரசிகர்கள் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்டே ஆகவேண்டிய ஆலாபனைகள், படித்தே தீரவேண்டிய நாவல்கள். பெரும்பாலும் ஆண்கள்தாம். கடைசிப் பந்தியில் இலை போட்டு உட்கார வைத்ததுபோல் ஓர் எம்.எஸ்., ஓர் அம்பை.

அந்த எம்.எஸ்.ஸும் எப்படி வருகிறார்? சுப்ரபாதமாக. மேடையில் ராகம் தானம் பல்லவி பாடியவரைப் பூஜையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். எம்.எல்.வசந்தகுமாரி என்றால் உடனே ‘ஜி.என்.பி.யின் சிஷ்யை’. சிஷ்யைதான், மறுக்கவில்லை. ஆனால் ராம்நாட் கிருஷ்ணனைக் கேட்கச் சொல்லும் எவராவது ‘பிருந்தாவிடம் பதம் கற்றவர்’ என்று தொடங்கியிருக்கிறார்களா? ஆண் பாடினால் கம்பீரம், மேதைமை. பெண் பாடினால் இனிமை, தெய்வீகம். டி.கே.பட்டம்மாள் பல்லவியில் போட்ட தாளக் கணக்கு இதில் எந்தச் சொல்லுக்குள் அடங்கும்?

‘தரம்தான் அளவுகோல், ஆண் பெண் என்று பார்ப்பதில்லை’ என்பார்கள். பார்க்காமலா 1942இல் தொடங்கிய சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணிடம் வந்துசேர 1968 ஆயிற்று? தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதை 2021 வரை பெற்ற பெண்கள் நால்வர்: ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி, திலகவதி, அம்பை. தரத்துக்கு இவ்வளவு நல்ல கண் இருக்கிறது!

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை, தோழி. நாலு பேர் திரும்பத் திரும்பச் சொல்லும் புத்தகம்தான் மறுபதிப்பு காண்கிறது, நூலகத்துக்குப் போகிறது, பாடத்திட்டத்தில் ஏறுகிறது, ஆய்வேட்டுத் தலைப்பாகிறது. யாரும் சொல்லாத புத்தகம் பழைய புத்தகக் கடையின் மூட்டைக்குள் கிடக்கிறது. நூறு நாவல்களுக்கு மேல் எழுதி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையும் நடத்தியவர் வை.மு.கோதைநாயகி. அவருடைய ஒரு நாவலையாவது படித்துவிட்டு முதுகலைத் தமிழ் வகுப்புக்கு வரும் மாணவி அரிது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவல் எழுதினார் என்று சொன்னால் ‘அவர் எழுதினாரா?’ என்கிறார்கள். அரசுத் திட்டம் ஒன்றின் பெயராக மட்டுமே அவரைத் தெரியும்.

‘பெண் எழுத்து’, ‘பெண் குரல்’ என்று தனித் தலைப்புப் போட்டு நமக்கு உபகாரம் செய்பவர்களும் உண்டு. அதுவும் தனிப் பந்திதான். ஒரு பெண் ஒரு நூலைச் சொன்னால் ‘உங்களுக்குப் பிடித்திருக்கிறது போல’ என்பவர்கள், அதையே ஓர் ஆண் சொன்னால் ‘முக்கியமான படைப்பு’ என்கிறார்கள். ஆகவே நீங்கள் பரிந்துரைக்கும்போது ‘எனக்குப் பிடிக்கும்’ என்று குரலைத் தாழ்த்த வேண்டாம். காரணத்தைச் சொல்லுங்கள். நல்ல தமிழ் நாவல் கேட்பவரிடம் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ என்று சொல்லுங்கள். சரிந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குள் பெண்ணுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்து காட்டுகிறது, அதற்காக. பதம் கேட்க விரும்புபவரிடம் பிருந்தா–முக்தா. ‘யாருடைய சிஷ்யைகள்?’ என்று கேட்டால், வீணை தனம்மாளின் பேத்திகள் என்று சொல்லுங்கள்.