தூங்குறதுக்கு முன்னாடி கடனைத் திரும்ப வாங்கு!

ஓஎஸ் லேப் வைவா. "லேப்டாப் சஸ்பெண்ட்ல இருக்கும்போது ரேமை யார் தொடுவாங்க?" "யாரும் இல்ல சார், டேட்டா அழியாம இருக்க ரெஃப்ரெஷ் மட்டும் நடக்கும்"னு சொன்னேன். மார்க் கிடைச்சுது. ஆனா என் பதில் பாதிதான் சரி.

விலை குறைந்த பல என்விஎம்இ எஸ்எஸ்டி-களில் தனி டிராம் கிடையாது. எந்த டேட்டா ஃபிளாஷில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையின் ஒரு பகுதியை வைக்க, அவை நம்ம ரேமிலேயே இடம் கடன் வாங்கும். இதுதான் ஹோஸ்ட் மெமரி பஃபர். 2014-ல் வந்த என்விஎம்இ 1.2 இதைக் கொண்டுவந்தது. லினக்ஸ் வழக்கமாக 128 எம்பி வரை கொடுக்கும். கொடுத்த பிறகு, சிபியு-வைக் கேட்காமலே எஸ்எஸ்டி கன்ட்ரோலர் டிஎம்ஏ மூலம் அங்கே படிக்கும், எழுதும்.

இப்போ மூடியைச் சாத்துங்க. பழைய எஸ்3 தூக்கத்தில் சிக்கல் குறைவு. அதில் பவர் போகும் என்பதால் டிரைவர் எஸ்எஸ்டி-யை முழுசா நிறுத்திவிடும். புது லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது சஸ்பெண்ட்-டு-ஐடில். இதில் எஸ்எஸ்டி-க்கு பவர் இருக்கும், குறைந்த பவர் நிலையில் படுத்திருக்கும். அந்த நிலையிலும் கன்ட்ரோலர் மெமரியைத் தொடலாம் என்று என்விஎம்இ விதி அனுமதிக்கிறது. ஆனால் மெமரிக்குப் போகும் வழியை அந்த நேரத்தில் லேப்டாப் மூடியிருக்கலாம். கதவு பூட்டியிருக்கு, உள்ளே வரலாம்னு அனுமதிச் சீட்டு மட்டும் கையில இருக்கு!

இதற்கு லினக்ஸ் என்ன செய்தது? முதலில், கடன் வாங்கிய எஸ்எஸ்டி என்றால் சஸ்பெண்டில் முழுசா நிறுத்தியது. பாதுகாப்புதான், ஆனா மெதுவானது. 2021-ல் அதை மாற்றினார்கள். தூங்கும் முன் பஃபரை மட்டும் திரும்ப வாங்கு. எழுந்ததும் அதே இடத்தைக் கொடு. சில வரி கோட், அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான்: "விதி அனுமதிக்குது" என்பதும் "வேலை செய்யும்" என்பதும் ஒன்றல்ல. மெமரி போய்ச் சேருமா என்ற சந்தேகம் இருந்தால், சேராது என்று வைத்துத்தான் டிசைன் பண்ணணும். "தூங்குற ஒவ்வொரு முறையும் கூடுதல் வேலையா?" என்று கேட்கலாம். அந்தப் பக்கம் இருப்பது நாளைக்கு ரிவ்யூவுக்குக் காட்ட வேண்டிய ப்ராஜெக்ட் ஃபைல். எனக்கு அந்தச் சின்ன தாமதம் பரவாயில்லை.

நம்ம மினி ப்ராஜெக்டிலும் இதே தப்பு நடக்கும். டிஎம்ஏ-வுக்கு பஃபரைக் கொடுத்துட்டு, அது முடிஞ்சுதான்னு பார்க்காம போர்டைத் தூங்க வைப்போம். சிலபஸ் சிபியு-வை மட்டுமே மெமரியின் முதலாளியாகக் காட்டுவதால் வரும் பழக்கம் இது. ஓஎஸ் பாடத்தில் சஸ்பெண்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும்.

அடுத்த வைவாவில் அதே கேள்வி வந்தால் என் பதில் ரெடி: "கடன் கொடுத்ததைத் திரும்ப வாங்கியாச்சான்னு பார்க்கணும் சார்."