தரங்கம்பாடிக்குத் திரும்புகிறவர்கள்

தரங்கம்பாடிக்கு எல்லோரும் திரும்பி வருகிறார்கள். டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறார்கள். சபை மக்கள் வேன் பிடித்து வருகிறார்கள். டேன்ஸ்போர்க் கோட்டை முன்னால் ஒரு படம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கு கல்லறை முன் ஒரு நிமிட மௌனம், பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பொறையார். சுனாமிக்குப் பிறகு டென்மார்க் பணத்தில் பழைய வீடுகள் சீரமைக்கப்பட்டன. 2017இல் சீகன்பால்கு வீடு அருங்காட்சியகமானது. ஊர் மீண்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்.

நாங்களும் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே திரும்பத் திரும்பப் போகிறோம். சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு பட்டியலைப் பற்றிப் பேசுவதற்கு அந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1716இல் சீகன்பால்கு இங்கே ஒரு செமினரி தொடங்கினார். உள்ளூர் ஆட்களை உபதேசியாராகவும் ஆசிரியராகவும் பயிற்றுவிப்பது நோக்கம். அதற்கு 9 ஆண்டுகள் முன்பு, 1707இல், இந்த மிஷனில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். அடிமைகளிடமிருந்து தொடங்கிய சபை. அப்படியானால் அந்தச் சபையின் முதல் தமிழ்ப் போதகராக யார் வந்திருக்க வேண்டும்?

ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாய். பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதாகமத்தைத் தானே படித்துவிட்டு மிஷனைத் தேடி வந்தவர். தஞ்சைப் பக்கத்தில் பல்லாண்டுகள் உபதேசியாராக அலைந்து சபைகளைக் கட்டினார். ஆனால் 1733இல் போதகர் பட்டம் பெற்றவர் வெள்ளாளரான ஆரோன். ராஜநாயக்கனுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. தகுதியில் குறை என்று யாரும் சொல்லவில்லை. அவர் கையால் கொடுக்கும் அப்பத்தையும் ரசத்தையும் ‘சூத்திரக் கிறிஸ்தவர்கள்’ வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1771இல் உபதேசியாராகவே செத்துப்போனார்.

‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லிக் கடந்துவிடலாம் என்பார்கள். கடக்க முடியாது. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களில் பலருக்குப் பிறகு அடைக்கலம் கொடுத்தது, சாதி விஷயத்தில் கைவைக்காத லூத்தரன் மிஷன்தான். சாதியை விட முடியாது, சபையைத்தான் மாற்ற முடியும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். அந்த முடிவுக்கு இடம் கொடுத்தவர்கள் இவர்கள்.

ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குருகுல இறையியல் கல்லூரி 1927இல் தரங்கம்பாடியில்தான் தொடங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அங்கேதான் அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியலை ஒரு துறையாக நிறுத்தினார்கள். ராஜநாயக்கனுக்கு மறுத்ததைக் கேள்வி கேட்கும் படிப்பும் அதே வழியில்தான் வந்தது. ஆனால் புத்தகத்தில் வந்தது வேறு, சேரிக்கு வந்தது வேறு.

இப்போது 2004 டிசம்பர் 26க்கு வருவோம். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் மீனவ மக்கள். அந்த இழப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது, நாங்கள் பேசவும் இல்லை. எங்கள் கேள்வி நிவாரணத்தைப் பற்றியது. படகு போனவருக்கு இழப்பு, வலை போனவருக்கு இழப்பு. அந்தப் படகிலிருந்து மீன்கூடை தூக்கிய பெண்ணுக்கு? உப்பேறிப்போன வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த கூலிக்கு? அவர்களிடம் இழக்க ‘சொத்து’ இல்லை, ஆகவே இழப்பும் இல்லை என்றது கணக்கெடுப்பு. முகாம்களிலிருந்து தலித் குடும்பங்கள் விரட்டப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டதும் அப்போதே பத்திரிகைகளில் வந்தன, மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாயின. அதே நாட்களில் அழுகிய பிணங்களை அள்ள வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பிணம் அள்ளும் பட்டியலில் முதல் பெயர், நிவாரணப் பட்டியலில் பெயரே இல்லை.

செமினரியும் இதைத்தான் செய்தது. வேலைக்கு ஆள் வேண்டும், பட்டியலுக்கு வேண்டாம்.

மூன்றாவது பட்டியல் ஒன்று டெல்லியில் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை. கிறிஸ்தவராக மாறிய தலித், பட்டியல் சாதி இல்லை. தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். ஒரே தெரு, ஒரே சுடுகாட்டுப் பாதை, ஒரே வசவு. இந்து அண்ணனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, கிறிஸ்தவத் தம்பிக்குக் கிடையாது. ஆலயத்துக்குள் அவரைப் பறையராகப் பார்த்தவர்கள், தாலுகா அலுவலகத்தில் ‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே’ என்கிறார்கள்.

தோழர்களே, சுனாமி வந்து சரியாக ஓராண்டில், 2005 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் பிரிவு 61 நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பொய்யாக நிவாரணம் கேட்டவருக்குப் பிரிவு 52இன்படி 2 ஆண்டுகள்வரை சிறை. பாகுபாடு காட்டியவருக்கு என்ன தண்டனை என்று பிரிவு 61இல் ஒரு சொல்கூட இல்லை. ஏழை ஏமாற்றிவிடுவான் என்று பயந்த சட்டம், ஏழையை ஏமாற்றுகிறவனுக்குப் புத்திமதி மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. 2018 கஜா புயலில் அதையே மறுபடி பார்த்தோம். விழுந்த தென்னைக்கு இழப்பீடு, அந்தத் தோப்பில் காய் பறித்தவரின் போன வேலைக்கு ஒன்றுமில்லை.

கட்டடங்களைச் சீரமைப்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. சுண்ணாம்பு பூசட்டும், ஓடு மாற்றட்டும். ஆனால் அடுத்த முறை தரங்கம்பாடி போகிற மாணவர்கள் வழிகாட்டியிடம் ராஜநாயக்கன் யார் என்று கேளுங்கள். போதகரிடமும் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே அங்கே நின்று சத்தமாகச் சொல்லுங்கள்.

அடுத்த புயலுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சேரியில் கூலி, குத்தகை, மீன் சுமை, உப்பளம் என்று யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கை இப்போதே எடுத்து வையுங்கள். விஏஓ பட்டியல் ஒட்டிய அன்றே அதைப் படம் எடுத்து, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட பெயர்களை வைத்து எழுதும் மனுவில் பிரிவு 61ஐ எண்ணோடு குறிப்பிடுங்கள். ரசீது வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.