உடையவன் யார்?

மாக்ஸ் ஸ்டிர்னரின் பெயர் நம் இலக்கியச் சூழலில் அபூர்வமாகவே காதில் விழுகிறது. விழும்போது 'சுயநலத்தின் தத்துவவாதி' என்ற அடைமொழியும் கூடவே வந்துவிடுகிறது. சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள் 'அயன் ராண்டின் முன்னோடி' என்பார்கள். இரண்டையும் சொல்பவர்கள் அவருடைய நூலின் தலைப்பைத் தாண்டிச் சென்றதாகத் தெரியவில்லை. அந்தத் தலைப்பையும் அவர்கள் தப்பாகவே படித்திருக்கிறார்கள் என்பது என் வாதம்.

யோஹான் காஸ்பர் ஷ்மிட் என்பது அவர் இயற்பெயர். 1806இல் பாய்ராய்ட் நகரில் பிறந்து, பெர்லினில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1844இன் இறுதியில் லைப்சிக்கில் வெளியான அவருடைய ஒரே பெருநூலைச் சாக்சனி அரசு முதலில் பறிமுதல் செய்தது. சில நாட்களிலேயே, ஆபத்தானதாகக் கருத முடியாத அளவுக்கு அபத்தமானது என்று சொல்லித் தடையை விலக்கிக்கொண்டது. தணிக்கையாளர்கள் செய்த விமர்சனங்களில் இதைவிடக் குரூரமானது எதுவும் இருக்க முடியாது.

நூலின் தலைப்பைத் தமிழில் 'தனியொருவனும் அவன் உடைமையும்' என்று சொல்லலாம். 1907இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு 'தனியொருவன்' இருந்த இடத்தில் 'ஈகோ'வைக் கொண்டுவந்து உட்கார்த்தியது. 2017இல் வந்த புதிய மொழிபெயர்ப்பு அதைத் திருத்தியது. இடைப்பட்ட நூற்றுப்பத்து ஆண்டுகளில் ஈகோ அகங்காரமாகி, அகங்காரம் சுயநலமாகி, சுயநலம் கல்லாப்பெட்டியாகிவிட்டது. ஸ்டிர்னர் எழுதிய ஜெர்மனில் உடைமை, சொந்தத்தன்மை, உடையவன் ஆகிய மூன்று சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஆங்கிலத்தைவிடத் தமிழ் இங்கே அவருக்கு நெருக்கமானது. 'தன்மை' என்று நாம் குணத்தையும் சொல்கிறோம், இலக்கணத்தில் 'நான்' நிற்கும் இடத்தையும் சொல்கிறோம். அவர் உடைமை என்று பேசும்போது நிலப்பத்திரத்தை மட்டும் பேசவில்லை, இந்தத் தன்மையையும் சேர்த்தே பேசுகிறார்.

கஞ்சனைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தாலே போதும். சுயநலத்தின் உச்சம் என்று நாம் கருதும் கஞ்சன், அவர் பார்வையில் பேய் பிடித்தவன். பணத்துக்காக மற்ற எல்லா இன்பங்களையும் பலியிடுகிறவன் பணத்தின் வேலைக்காரனே தவிர, தன்னை உடையவன் அல்லன். எதை என்னால் நினைத்தபோது கைவிட முடியுமோ, கரைத்துவிட முடியுமோ அதுவே என் உடைமை. கைவிட முடியாதது என்னை உடைமையாக்கிக்கொண்டுவிட்டது. கடவுள், அரசு, சட்டம், ஒழுக்கம், மனிதகுலம் எல்லாவற்றிலும் அவர் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். ஃபாயர்பாக் 1841இல் கடவுளை மண்ணுக்கு இறக்கிவிட்டதாகப் பலர் கொண்டாடியபோது, கடவுளின் குணங்களையெல்லாம் 'மனிதன்' என்ற இன்னொரு பேயின் தலையில் ஏற்றியதுதான் நடந்தது என்று சொன்னவர் ஸ்டிர்னர். அன்பையும் அவர் விலக்கவில்லை. கட்டளையாக வரும் அன்பையே விலக்கினார்.

இனி ராண்டுக்கு வருவோம். அவருக்குத் தனிச்சொத்துரிமை அறத்தின் பாற்பட்டது. உயிர்வாழும் உரிமையிலிருந்தே அதை அவர் வருவிக்கிறார், ஆகவே அது மீறக்கூடாதது. ஸ்டிர்னரிடம் 'மீறக்கூடாதது' என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயும் பேயைக் காட்டுவார். சொத்து என்பது திருட்டே என்று 1840இல் அறிவித்த புரூதோனையும் அவர் விட்டுவைக்கவில்லை. சொத்து என்ற கருத்தை முன்பே ஏற்றுக்கொள்ளாமல் திருட்டு என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். சொத்தைப் புனிதமாக்குபவருக்கும் அதைப் பாவமாக்குபவருக்கும் ஒரே கோயில்தான் என்று கண்ட ஒருவரை முதலாளியத்தின் பூசாரியாக்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2009இல் அமேசான் நிறுவனம், விற்ற உரிமை செல்லாது என்று கண்டதும், ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலேயே அழித்தது. பணம் திரும்பி வந்தது. 'வாங்கியவர்' என்ற சொல்லுக்கு அன்று என்ன பொருள் இருந்தது? அழிக்கும் பொத்தான் எவர் கையில் இருந்ததோ அவரே உடையவர் என்பார் ஸ்டிர்னர். கசப்பான பதில்தான், ஆனால் நடந்ததை அது சரியாகவே விவரிக்கிறது.

இத்தனை சொன்னபிறகு, அவருடைய பக்தர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845-46இல் எழுதிய 'ஜெர்மன் கருத்தியல்' நூலின் பெரும்பகுதி ஸ்டிர்னருக்கு எதிரானது. முழுமையாக அச்சேறியது 1932இல்தான். அதன் கேலி சலிப்பூட்டுகிறது, அடிப்படைக் கேள்வி சலிப்பூட்டவில்லை. அரசு ஒரு பேய் என்று மண்டைக்குள் கண்டுபிடித்துவிட்டால், வெளியே இருக்கும் அரசு போய்விடுமா? 1853இலும் 1854இலும் ஸ்டிர்னர் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். கடன்கொடுத்தவரின் 'உரிமை' என்ற பேய்க்குப் பூட்டும் சாவியும் இருந்தன.

அந்த வறுமைக்கு முன்னால் ஒரு பால் வியாபாரம் இருந்தது. மனைவி மரி டேன்ஹார்ட்டின் பரம்பரைப் பணத்தைப் போட்டு, பாலைக் கொள்முதல் செய்து பெர்லினில் விற்கத் திட்டமிட்டார்கள். பால் வந்தது, வாங்குவோர் வரவில்லை. பணம் கரைந்தது, மரி பிரிந்து இங்கிலாந்துக்குப் போனார். தன் நூலை ஸ்டிர்னர் காணிக்கையாக்கியது இந்த மரிக்குத்தான். பல பத்தாண்டுகள் கழித்து, ஸ்டிர்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ஹென்றி மக்கே லண்டனில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, சந்திக்கவே மறுத்துவிட்டார். எழுத்தில் மட்டும் பதில் தந்தார். அந்த மனிதரைத் தான் மதித்ததும் இல்லை, காதலித்ததும் இல்லை என்பதே அதன் சாரம்.

மரியின் பணம் யாருடைய உடைமை? ஸ்டிர்னரின் தர்க்கப்படி, அதைத் தன் கைக்குள் வைத்திருக்கும் வலிமை மரிக்கு இல்லாமல் போயிற்று, அவ்வளவே. கிண்டில் விஷயத்தில் இந்தப் பதிலை எழுதும்போது எனக்குக் கை நடுங்கவில்லை. இங்கே நடுங்குகிறது. 'அநியாயம்' என்ற சொல் வாய்வரை வருகிறது. அதுவும் என் தலைக்குள் குடியிருக்கும் பேய் என்று ஸ்டிர்னர் அன்பர்கள் சொல்வார்களானால், இந்தப் பேயை நான் இன்னும் கைவிடத் தயாராக இல்லை.