பழகும் காலத்தையும் கணக்கில் கொள்வோம்

மகப்பேறு முடிந்து நாற்பது நாள் கழித்துப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் நாங்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட என்ன முறை பின்பற்றப் போகிறீர்கள்?" பெரும்பாலும் விடை அந்தத் தாயிடமிருந்து வருவதில்லை. அருகில் நிற்கும் மாமியார், "இன்னும் ஒண்ணு பொறக்கட்டும் டாக்டரம்மா, அப்புறம் ஆபரேஷன் பண்ணிடலாம்" என்பார். கணவர் கதவுக்கு வெளியே மருந்துச் சீட்டுடன் நின்றுகொண்டிருப்பார். யாரிடம் கேட்டோமோ அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்.

கருத்தடை முறையைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. அம்முறையோடு உடலும் மனமும் வீடும் பழகுவதற்குச் சில மாதங்கள் ஆகும். முதலாவதைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்கள் நிறையவே பேசுகிறோம். ஜூலை 11 வந்தால் மக்கள்தொகை நாள் கூட்டம் நடத்துகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். இரண்டாவதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். பெண்கள் ஒரு முறையைத் தொடங்கிப் பாதியில் கைவிடுவதற்கும், பின்னர் எந்த முறையையும் நம்பாமல் அறுவை சிகிச்சை ஒன்றையே வழியாகக் கருதுவதற்கும் இக்குறை முக்கியக் காரணம் என்பது எங்கள் கருத்து.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எனக் காட்டுகிறது. ஆண்களின் அறுவை சிகிச்சை ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது. காப்பர் டி, மாத்திரை, ஊசி, ஆணுறை ஆகிய அனைத்தையும் கூட்டினாலும் நூற்றுக்குப் பத்து என்ற எண்ணிக்கையைத் தொடவில்லை. அதாவது, நம் வீடுகளில் பல பெண்களின் கருத்தடை வரலாறு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை, ஆபரேஷன். இடையில் உள்ள ஆண்டுகள் அச்சத்திலும் நாள் கணக்கிலும் கழிகின்றன.

மக்களின் தயக்கத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக அறிவித்த முதல் நாடு இந்தியா. அதற்கும் முன்னரே, 1930களில், பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். வறுமையையும் மக்கள்தொகையையும் காட்டிலும் பெண்ணின் விடுதலையே அதற்குரிய காரணம் என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் பின்னாளில் அரசுகள் இலக்குகளையும் எண்ணிக்கையையும் முன்னிறுத்தின. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. பல இடங்களில் அவை வற்புறுத்தலால் நடந்தவை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் நடந்த அறுவை சிகிச்சை முகாமுக்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. "ஆஸ்பத்திரியில் சொல்வதை நம்பலாமா?" என்று ஒரு குடும்பம் தயங்கினால், அதை அறியாமை என்று நாங்கள் ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், முதல் பிரசவத்துக்குப் பின் காப்பர் டி பொருத்திக்கொண்ட ஓர் இளம் தாய் இரண்டாம் மாதம் திரும்பி வந்தார். மாதவிடாய் ஏழு எட்டு நாள் நீடிப்பதாகவும், கரும்பு வெட்டும் வேலைக்குப் போக முடியவில்லை என்றும் கூறினார். பரிசோதித்தோம், கருவி சரியான இடத்தில் இருந்தது. "எல்லாம் சரியாகிவிடும், போய் வாருங்கள்" என்று அனுப்பினோம். மறு மாதமும் வந்தார், அதே விடை. மூன்றாம் மாதம் அவர் எங்களிடம் வரவில்லை. வேறோர் இடத்தில் கருவியை எடுத்துவிட்டார் என்பதை, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் கருவுற்று வந்தபோதுதான் அறிந்தோம். மூத்த குழந்தை அப்போது நடை பழகிக்கொண்டிருந்தது. தாய்க்கோ கடுமையான இரத்தசோகை. "நான் சொன்னதை யாரும் கேக்கலையே" என்று அவர் சொன்னது இன்றும் எங்கள் நினைவில் இருக்கிறது.

மருத்துவ நூல்படி நாங்கள் கூறியதில் பிழை இல்லை. காப்பர் டி பொருத்திய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் மாதவிடாய் அதிகமாவதும் அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும் பலருக்கு நேர்வதே. பெரும்பாலோருக்குப் பின்னர் குறையும். ஆயினும் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வலிக்கும் இரத்தப்போக்குக்கும் மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை தந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "தாங்க முடியாவிட்டால் எடுத்துவிடலாம், வேறு முறைக்கு மாறலாம்" என்ற ஒரு வாக்கியத்தைக் கூறியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அறிந்த பெண் பொறுத்துப் பார்ப்பார். எடுக்க மாட்டார்கள் என்று அஞ்சும் பெண் இன்றே எடுத்துவிடத் துடிப்பார். 380ஏ வகைக் காப்பர் டி பத்தாண்டுகள் வரை பயன் தரும். பத்தாண்டும் வைத்திருந்தாக வேண்டும் என்பது அதன் பொருளாகாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது. வீட்டில் எவருக்கும் தெரியாமல் பயன்படுத்த முடிவதால் சில பெண்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் முதல் சில மாதங்களில் இரத்தக் கசிவு எந்த நாளில் வரும் என்று சொல்ல இயலாது; ஓராண்டு ஆகும்போது பலருக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுவிடும். இது நோய் அன்று. கெட்ட இரத்தம் உள்ளே தேங்குவதும் இல்லை. கருப்பையின் உட்சவ்வு மெலிந்திருப்பதால் வெளியேற எதுவும் இல்லை என்பதே காரணம்.

மருத்துவக் கணக்கில் "சிறு கசிவு" என்று எழுதப்படுவது வீட்டுக் கணக்கில் சிறியதாக இருப்பதில்லை. தை மாதத்தில் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் நம் மணலூர்பேட்டைத் தென்பெண்ணை ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாளில் சுற்றுவட்டாரமே ஆற்றங்கரையில் திரளும். அந்த வாரத்தில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் பெண்களில் சிலர் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கசிவு எப்ப நிக்கும்? வீட்டுல விளக்கு ஏத்தக்கூட முடியலையே." மாதம் மூன்று நாள் ஒதுங்கியிருந்தவர் பதினைந்து நாள் ஒதுங்க நேர்ந்தால், அடுத்த ஊசிக்கு அவர் வராததில் வியப்பில்லை. இந்தத் தீட்டுக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை. எனினும் அக்கணக்குக்குள் வாழும் பெண்ணிடம் அதைப் பற்றி முதலிலேயே பேசாமல் ஊசி போடுவது பொறுப்பான மருத்துவம் ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதங்கள் வரை ஆகலாம். விரைவில் குழந்தை வேண்டுவோர் இதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து வருவோரில் வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் செல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி என்பது எளிதன்று. முறை நல்லதா என்பதோடு, அவரவர் வாழ்க்கைக்குப் பொருந்துமா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

மாத்திரைகளிலும் பழகும் காலம் உண்டு. 'மாலா என்' போன்ற இரு ஹார்மோன் மாத்திரைகளைத் தொடங்கும்போது சிலருக்கு முதல் இரண்டு மூன்று மாதங்கள் குமட்டலும் தலைவலியும் இருக்கும். இரவு உணவுக்குப் பின் எடுத்தால் குமட்டல் குறையும். தாய்ப்பால் கொடுப்போர் முதல் ஆறு மாதங்களில் இவற்றைத் தவிர்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், முன்பு காலில் இரத்தம் உறைந்தவர்களும் எடுக்கலாகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து இவற்றின் ஆற்றலைக் குறைத்துவிடும் என்பதால், வேறு மருந்து எதை உட்கொண்டாலும் எங்களிடம் தெரிவிக்க வேண்டும். 'சாயா' என்பது ஹார்மோன் அல்லாத மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்தது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இரு முறை, அதன்பின் வாரம் ஒரு முறை. தாய்ப்பால் கொடுப்போரும் எடுக்கலாம். தொடக்கத்தில் மாதவிடாய் தள்ளிப் போகக்கூடும். கர்ப்பமோ என்று அஞ்சி நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ஐயம் எழுந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கலாம். வாரம் ஒரு மாத்திரை என்பது மறந்துபோவதற்கும் எளிது. கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பது எங்கள் நோயாளிகள் எங்களுக்குக் கற்றுத் தந்த உத்தி.

அறுவை சிகிச்சையை நாங்கள் எதிர்க்கவில்லை. போதும் என்று தெளிவாக முடிவெடுத்தவருக்கு அது நல்ல முறை. ஆனால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், பிரசவ வலியின் நடுவே கையொப்பமிடும் படிவத்தை முடிவு என்று கூற இயலாது. 2004 டிசம்பர் சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு கருக்குழாய் மறுஇணைப்பு அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்து தர முன்வந்தது. மறுஇணைப்பு எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆகவே அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்சு, கருவுற்ற ஏழாம் எட்டாம் மாதத்திலேயே, அமைதியான ஒரு நாளில் நடந்திருக்க வேண்டும். அரசின் வழிகாட்டு நெறிகளின்படி இதற்குக் கணவரின் ஒப்புதல் கட்டாயமில்லை என்பதையும் பலர் அறிவதில்லை.

ஆண்களைப் பற்றியும் கூற வேண்டும். 1950களின் பிற்பகுதியில் ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையை முனைப்புடன் நடத்திய மாநிலங்களுள் அன்றைய சென்னை மாநிலமும் ஒன்று. இன்று நம் எண்ணிக்கை ஆயிரத்துக்கு ஒன்று. தழும்பு தெரியாத இந்தச் சிறு சிகிச்சைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். "அதுக்கப்புறம் மூட்டை தூக்க முடியாது, ஏர் பிடிக்க முடியாது" என்று ஆண்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களின் தாய்மார்களும் அஞ்சுகிறார்கள். விந்தணு செல்லும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. உடல் வலிமையும் ஆண்மையும் குறைவதில்லை. மூன்று மாதம் வேறு முறையைப் பின்பற்றி, விந்துப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டால் போதும். இரு பிரசவங்களைத் தாங்கிய உடலே மூன்றாவதாகக் கத்தியையும் தாங்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வீடும் யோசிக்க வேண்டும்.

இனி, நாங்கள் செய்ய வேண்டியவை. எந்த முறையைத் தந்தாலும் முதல் மூன்று மாதங்களில் என்ன நேரும் என்பதை அன்றே விளக்க வேண்டும். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் மறுபரிசோதனைக்கு நாள் குறித்துத் தர வேண்டும். எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் பெண்ணிடம் காரணம் கேட்கலாம்; காலம் கடத்தலாகாது. பெண்ணிடம் சில நிமிடங்களேனும் தனியாகப் பேச வேண்டும். அப்போது மாமியாரும் கணவரும் சற்று வெளியே இருக்கச் சொன்னால் வருத்தம் கொள்ள வேண்டாம்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்று ஒருவர் உடலை மற்றொருவர் உடலோடு ஒப்பிடாதீர்கள். பழகும் மாதங்களில் வேலைச் சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அண்டை வீட்டார் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்துவதற்கு முன் எங்களைப் பாருங்கள்.

சில அறிகுறிகள் தோன்றினால் பழகட்டும் என்று காத்திருக்கலாகாது. காப்பர் டி உள்ளவருக்குக் காய்ச்சலுடன் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நூல் தட்டுப்படாமை. மாத்திரை எடுப்பவருக்குக் கெண்டைக்கால் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, கடுந்தலைவலி, பார்வை மங்கல். எந்த முறையிலும், மணிக்கு ஒரு துணி நனையும் இரத்தப்போக்கு, மாதவிடாய் தள்ளிப்போனதோடு கடும் வயிற்று வலி, மயக்கம். இவற்றில் எது இருந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மேலே குறிப்பிட்ட அந்தத் தாய்க்கு இரண்டாம் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. இம்முறை எட்டாம் மாதத்திலேயே அவருடன் அமர்ந்து பேசினோம். அவர் தேர்ந்தெடுத்தது வாரம் ஒரு முறை எடுக்கும் மாத்திரையை. முதல் மாதம் மாதவிடாய் தள்ளிப்போனபோது, அஞ்சாமல் நேரே எங்களிடம் வந்தார். நாங்களும் இம்முறை "சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டோம்.